பெட்டியின் பின்பக்கத்து எண்கள்

காற்றடைத்த கயாக் கடையில் படகாக இருக்காது. மடித்து, சுருட்டி, ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். பெட்டியின் முன்பக்கத்தில் நீல ஏரி, பளபளக்கும் மஞ்சள் படகு, சிரிக்கும் முகங்கள் எல்லாம் இருக்கும். அதைப் பார்த்தது போதும், பெட்டியைத் திருப்புங்கள். பின்பக்க மூலையில் பொடி எழுத்தில் சில எண்கள் தெரியும். நீளம் 312 செ.மீ., அகலம் 91 செ.மீ., அதிகபட்சச் சுமை 180 கிலோ, காற்றறைகள் 3, அழுத்தம் இத்தனை பவுண்டு. இருவர் அமரும் சாதாரணக் கயாக்குகளில் இப்படித்தான் போட்டிருக்கும். அந்தப் படகு ஏரியில் எப்படி நடந்துகொள்ளும் என்பது முழுக்க இந்த மூலையில்தான் எழுதியிருக்கிறது. ஏழாவது, எட்டாவது அறிவியல் பாடம் படித்த யாராலும் அதைப் படித்துவிட முடியும். வீட்டில் கயாக் வாங்கும் பேச்சு எழுந்தால், பெட்டியைத் திருப்பிப் பார்க்கும் ஆள் நீங்களாக இருங்கள்.

முதலில் கயாக் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஆர்க்டிக்கிலும் அதையொட்டிய கரைகளிலும் வாழும் இன்யூட், யூபிக், அலியூட் மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகச் செய்துவரும் வேட்டைப் படகு அது. பனி மூடிய அந்தக் கரைகளில் பெரிய மரங்கள் வளர்வதில்லை. கடல் கொண்டுவந்து ஒதுக்கிய கட்டைகளையும் திமிங்கல எலும்புகளையும் கட்டி மெல்லிய சட்டம் செய்தார்கள். அதன்மேல் கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்தார்கள். ஒடுங்கிய படகு, முன்னோக்கி உட்காரும் ஆள், இரு முனையிலும் இதழுள்ள ஒற்றைத் துடுப்பு. இன்றைய கயாக்கும் அதே அமைப்புதான்.

இந்தப் பழைய படகில் இரண்டு பொருள்கள்தான் உண்டு: உள்ளே சட்டம், வெளியே தோல். காற்றடைத்த கயாக்கிலும் தோல் இருக்கிறது, சட்டம் மட்டும் இல்லை. சட்டம் செய்ய வேண்டிய வேலையைக் காற்று செய்கிறது. கட்டையும் எலும்பும் செய்த வேலையை இந்தப் படகில் காற்று எவ்வளவு நன்றாகச் செய்யும்? வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெட்டியிலுள்ள ஒவ்வோர் எண்ணும் அதற்குத்தான் பதில் சொல்கிறது.

எளிய எண்ணிலிருந்து தொடங்குவோம். அதிகபட்சச் சுமை 180 கிலோ என்பது எங்கிருந்து வருகிறது?

மூழ்கும் பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ அந்த நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும் என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னது உங்களுக்குத் தெரியும். ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஒரு கிலோ. நம் கயாக்கின் இரு பக்கங்களிலும் 25 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட குழாய்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உருளையின் கன அளவு வாய்பாட்டைப் போட்டால் ஒரு குழாய்க்கு ஏறக்குறைய 147 லிட்டர் வரும். இரண்டும் சேர்ந்தால் 294. தரைப்பகுதிக்கு ஓர் 60 லிட்டர் சேர்த்தால் மொத்தம் 350 லிட்டரைத் தாண்டும். அப்படியென்றால் 350 கிலோ ஏற்றலாமே, ஏன் 180 என்று போட்டிருக்கிறார்கள்?

350 கிலோ ஏற்றினால் குழாய்களின் மேல்விளிம்பு நீர்மட்டத்தோடு நிற்கும். சின்ன அலை அடித்தாலும் தண்ணீர் உள்ளே வரும். யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்தாலே படகு சாயும். பக்கங்களில் பாதியாவது நீருக்கு மேலே நிற்க வேண்டும் என்பதால்தான் எண்ணைப் பாதியாகக் குறைக்கிறார்கள். 180 கூடப் பாதுகாப்பின் எல்லையைத்தான் காட்டுகிறது, சுகமாகத் துடுப்புப் போடும் அளவு அதைவிடக் குறைவு. பெட்டி சொல்லும் சுமையில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. 180 என்றால் 135. இதற்குள் ஆட்கள், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பை எல்லாம் அடங்க வேண்டும்.

இன்னொரு சிறு கணக்கு. படகு நீரைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர் என்று கொண்டால், 150 கிலோ சுமைக்கு அது எவ்வளவு ஆழம் அமிழும்? 150 லிட்டரை 2 சதுர மீட்டரில் பரப்பிப் பாருங்கள். ஏழரை சென்டிமீட்டர்தான் வருகிறது! முழங்கால் ஆழமில்லாத தண்ணீரிலும் இந்தப் படகு போகும். ஆனால் இதே காரணத்தால்தான் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டும் போகும். அதைப் பிறகு பார்ப்போம்.

காற்றுக்கும் எடை உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஒரு லிட்டர் காற்றின் எடை 1.2 கிராம் அளவு. 350 லிட்டர் கொண்ட படகில், இறுக்கி அடைப்பதையும் சேர்த்தால், கிட்டத்தட்ட அரைக் கிலோ காற்று உட்கார்ந்திருக்கிறது. அந்த அரைக் கிலோதான் சட்டம்.

அரைக் கிலோ காற்று எப்படிச் சட்டமாகிறது? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

திருவிழாவில் விற்கும் நீளமான பலூன் ஒன்றை ஊதிக் கட்டுங்கள். இரு முனைகளையும் பிடித்து மெதுவாக வளையுங்கள். வளைவின் வெளிப்பக்கம் இன்னும் இறுகும். உட்பக்கத்தில் ஒரு கட்டத்தில் சட்டென்று ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பு விழும்வரை பலூன் எதிர்த்து நிற்கிறது, விழுந்ததும் அந்த இடத்திலேயே தொய்ந்துவிடுகிறது. நடந்தது இதுதான்: உள்ளிருக்கும் காற்று இரு முனைகளையும் வெளியே தள்ளுகிறது. அதனால் தோல் நீளவாக்கில் இழுபட்டு நிற்கிறது. நீங்கள் வளைக்கும்போது உட்பக்கத் தோலின் இழுவிசை குறைந்துகொண்டே வருகிறது. அது பூச்சியமாகும் நொடியில் தோல் தளர்ந்து மடிப்பு விழுகிறது. துணியால் நெருக்க விசையைத் தாங்க முடியாது, இழுப்பதை மட்டுமே தாங்க முடியும். அதை முன்கூட்டியே இழுத்து வைத்து அந்தக் குறையைத் தீர்ப்பதுதான் காற்றின் வேலை.

மடிப்பு விழாமல் ஒரு குழாய் எவ்வளவு வளைவைத் தாங்கும் என்பதை இரண்டு அளவுகள் முடிவு செய்கின்றன. ஒன்று, உள்ளே எத்தனை பவுண்டு காற்று இருக்கிறது என்பது. பங்க்சர் கடையில் டயருக்குச் சொல்லும் அதே பவுண்டுதான், ஒரு சதுர அங்குலத்தின்மேல் அத்தனை பவுண்டு விசை என்று பொருள். அதை இரட்டித்தால் தாங்கும் திறனும் இரட்டிக்கும். இரண்டாவது குழாயின் பருமன். அதில்தான் விந்தை இருக்கிறது. தாங்கும் திறன் ஆரத்தின் மூன்றாம் படியைப் பொறுத்து ஏறுகிறது. 20 செ.மீ. விட்டமுள்ள குழாயையும் 25 செ.மீ. விட்டமுள்ள குழாயையும் ஒரே அழுத்தத்தில் ஒப்பிடுங்கள். 25-ஐ 20-ஆல் வகுத்தால் 1.25. அதன் மூன்றாம் படி 1.95. ஐந்தே சென்டிமீட்டர் பருமன் கூடியதும் விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. பருத்த குழாய்க் கயாக்குகளுக்கு ஒன்று முதல் மூன்று பவுண்டு காற்றே போதுமானதாக இருப்பது இதனால்தான். கார் டயருக்கு முப்பதுக்கு மேல் வேண்டியிருக்கிறது.

விறைப்பு இல்லாத கயாக் என்ன ஆகும் என்றால், ஆள் நடுவில் உட்கார்ந்ததும் நடுப்பகுதி அமிழ்ந்து இரு முனைகளும் வாழைப்பழம்போல மேலே தூக்கிக்கொள்ளும். அப்படி வளைந்த படகின் நடுப்பகுதி மட்டும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், முன்னும் பின்னும் சும்மா காற்றில் நிற்கும். எவ்வளவு துடுப்புப் போட்டாலும் வேகம் வராது. கடையில் விரித்துக் காட்டச் சொல்ல முடிந்தால், காற்றடைத்த பிறகு இரு முனைகளின் அடியிலும் ஒவ்வொரு செங்கல் வைத்து நடுவில் கையால் அழுத்திப் பாருங்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை அது.

அப்படியானால் குழாய்களை இன்னும் பருமனாக்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். வெளி அகலம் 91 செ.மீ. அதில் இரு பக்கமும் 25, 25 போனால் மீதி எவ்வளவு? 41 செ.மீ. உட்காரும் இடமே அவ்வளவுதான். பெட்டியில் வெளி அகலத்தைத்தான் போட்டிருப்பார்கள், உள்ளகலத்தை நீங்கள்தான் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அப்பாவின் இடுப்பளவு தெரியாமல் கயாக் வாங்கக் கூடாது!

இந்தச் சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட விடை மிக அழகானது. அடைபட்ட காற்று எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுவதால் எந்தப் பையையும் உருண்டையாக்கவே பார்க்கும். தட்டையான, விறைப்பான தரை வேண்டுமென்றால் மேல் துணியும் அடித் துணியும் விலகிப் போகாமல் பிடித்து வைக்க வேண்டும். இரு துணிகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான நூல்களை, எல்லாம் ஒரே உயரமாக, நெருக்கமாகத் தைத்துவிடுகிறார்கள். இதற்கு டிராப் ஸ்டிச் என்று பெயர். கையளவு தடிமனுள்ள அந்தத் தரையில் பத்துப் பவுண்டு காற்றைக்கூட அடைக்கலாம். அப்போது அந்த நூல்கள் தாங்கும் விசையைக் கணக்கிட்டுப் பாருங்கள். பத்துப் பவுண்டு அழுத்தம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ. இரண்டு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலமுள்ள தரையில் பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர் இருக்கிறது. பெருக்கினால் ஏழாயிரம் கிலோ, அதாவது ஏழு டன்! மேல் துணியை அத்தனை விசை மேலே தள்ளுகிறது, நூல்கள் அதைக் கீழே இழுத்துப் பிடிக்கின்றன. அதன்மேல் ஏறி நின்றால் பலகைமேல் நிற்கிறோமோ என்று தோன்றும்.

இது படகுக்காகப் பிறந்த நுட்பம் என்று எண்ணிவிட வேண்டாம். டயர் செய்யும் குட்இயர் நிறுவனம் 1956-இல் அமெரிக்காவில் ஒரு விமானத்தையே இப்படிச் செய்து பறக்கவிட்டது. இறக்கை, வால், உடல் எல்லாம் நூல் கோத்த ரப்பர் துணி. உள்ளே 25 பவுண்டு காற்று. எதிரி நாட்டில் விழுந்துவிட்ட விமானிக்கு அதை மடித்து வானிலிருந்து போட்டால், அவரே காற்றடித்துப் பறந்து தப்பிவிடலாம் என்பது திட்டம். அந்த விமானம் உண்மையிலேயே பறந்தது. படைகள் அதை வழக்கத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் துணி மட்டும் கயாக் தரைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மலிவான கயாக்குகளில் தரை, பக்கம் பக்கமாக ஒட்டிய சிறு குழாய்களால் ஆன காற்று மெத்தையாக இருக்கும். குளத்தில் அரைமணி நேரம் சுற்றிவர அதுவும் போதும். ஆனால் ஒரே படகைப் பல வருடம் வைத்திருக்க நினைத்தால், பக்கக் குழாய்கள் எப்படியிருந்தாலும் தரை டிராப் ஸ்டிச்சாக இருப்பதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். கூடுதல் விலை அங்கே போவது நியாயம். அலங்காரமான இருக்கைக்கும் கோப்பை வைக்கும் பைக்கும் போவது நியாயமில்லை.

இப்போது வெயிலுக்கு வருவோம். நம் ஊரில் இதைத் தெரிந்துகொள்ளாமல் கயாக் வைத்திருக்க முடியாது.

ஓர் அடைத்த பாத்திரத்தில் உள்ள வாயுவைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறும். வாயுக்கள் சூட்டில் எப்படி விரிகின்றன என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுசாக் 1802-இல் அளந்து வெளியிட்டார். 1804-இல் பலூனில் ஏழு கிலோமீட்டர் உயரம்வரை போய்க் காற்றை ஆராய்ந்தவரும் அவர்தான். நாமும் ஒரு கணக்குப் போடுவோம். காலையில் 30 டிகிரியில் பம்பு அடித்தீர்கள். படகைக் கரையில் வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனீர்கள். தோல் சூடேறி உள்ளே காற்று 55 டிகிரி ஆகிவிட்டது. அழுத்தக் கணக்கில் செல்சியஸை அப்படியே போடக் கூடாது, 273-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். 303 இருந்தது 328 ஆகிறது. விகிதம் 1.0825. எட்டு சதவீதம்தான் ஏற்றம், இதற்கு ஏன் கவலை என்று தோன்றும்.

அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. பம்பின் முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் கூடுதலாக இருக்கும் அழுத்தத்தை மட்டும்தான். வெளிக்காற்றே 14.7 பவுண்டு அழுத்துகிறது. முள் 2 பவுண்டு காட்டினால் உள்ளே இருக்கும் மொத்தம் 16.7. அதை 1.0825-ஆல் பெருக்கினால் 18.1. அதிலிருந்து 14.7-ஐக் கழித்தால் முள் காட்டுவது 3.4. இரண்டாக இருந்தது மூன்றரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது! எட்டு சதவீதம் என்று நினைத்தோம், தையலுக்கும் ஒட்டுக்கும் எழுபது சதவீதம் கூடுதல் பளு. பத்துப் பவுண்டு தரையில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், பன்னிரண்டுதான் வரும், இருபது சதவீத ஏற்றம். இறுக்கமாக அடைத்த பகுதிதான் வெடிக்கும் என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். உண்மையில் குறைவாகக் காற்றடைத்த பக்கக் குழாய்களைத்தான் வெயில் அதிகம் சோதிக்கிறது. துணி கொஞ்சம் நீண்டுகொடுப்பதால் அழுத்தம் முழு அளவுக்கு ஏறாமல் இருக்கலாம். ஆனால் அப்படி நீண்ட துணி ஒட்டிய இடத்தில்தான் விட்டுப்போகும்.

இதிலிருந்து மூன்று பழக்கங்கள் தாமாக வருகின்றன. படகைக் கரையில் வைக்க நேர்ந்தால் நிழலில் வையுங்கள், நிழல் இல்லாவிட்டால் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள். நீரில் இறக்கியதும் நேர்மாறாக நடக்கும். குளிர்ந்த நீர் பட்டு உள்காற்று சுருங்கிப் படகு தொய்யும், ஓட்டை என்று பயப்பட வேண்டாம், ஐந்து நிமிடம் மிதக்கவிட்டு நாலு பம்பு கூடுதலாக அடித்தால் சரியாகும். அழுத்தமானி இல்லாத பம்பு வாங்கவே வேண்டாம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து 2 பவுண்டுக்கும் மூன்றரைக்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. வாயால் ஊதலாமா என்று கேட்காதீர்கள், 400 லிட்டர் காற்றை ஊதி முடிப்பதற்குள் தலை சுற்றிவிடும். ஓர் அடிக்கு 2 லிட்டர் தள்ளும் கைப்பம்புக்கே இருநூறு அடி ஆகும். மாறி மாறி அடிக்க ஆள் இருந்தால் நல்லது.

அடுத்தது தோல். காற்றுப் புகாத துணி கிடைக்கும்வரை இப்படிப்பட்ட படகு கனவாகத்தான் இருந்தது. விலங்குத் தோலை ஊதிப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடப்பது மிகப் பழைய வழக்கம். ஏறக்குறைய 2,900 ஆண்டுகளுக்கு முன் அசீரிய மன்னர் இரண்டாம் அசூர்நசிர்பாலின் நிம்ருத் அரண்மனையில் செதுக்கிய கற்பலகையில் வீரர்கள் அப்படி நீந்துவதைக் காணலாம். அது இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் சார்லஸ் மக்கின்டோஷ் 1823-இல் இரு துணிகளுக்கு நடுவே கரைத்த ரப்பரைப் பூசி நீர்புகாத் துணி செய்து காப்புரிமை பெற்றார். அந்தத் துணியைக் கொண்டு 1840-களில் பிரிட்டிஷ் கடற்படையின் பீட்டர் ஹால்கெட் ஒரு மேலங்கி தைத்தார். உடுத்தினால் அங்கி, காற்றடித்தால் ஒருவர் போகும் படகு! கைத்தடியில் இதழைப் பொருத்தினால் துடுப்பு, குடையை விரித்தால் பாய். ஆர்க்டிக்கை ஆராய்ந்த ஜான் ரே ஹால்கெட் படகு ஒன்றைத் தம் பயணத்தில் கொண்டுபோய் ஆறுகளைக் கடக்கப் பயன்படுத்தினார். நாம் பேசிக்கொண்டிருக்கும் கயாக்கின் மூத்த பாட்டி அதுதான்.

இன்றைய கயாக்குகளில் பெரும்பாலும் பி.வி.சி. விலை குறைந்தவை வெறும் பி.வி.சி. தாளால் ஆனவை. நல்லவற்றில் பாலியெஸ்டர் நூலால் நெய்த துணியின் இரு பக்கமும் பி.வி.சி. பூசியிருப்பார்கள். பெட்டியில் 840 டெனியர், 1000 டெனியர் என்று போட்டிருந்தால் அந்த நூலைப் பற்றித்தான் சொல்கிறார்கள். ஒன்பதாயிரம் மீட்டர் நூலை நிறுத்தால் எத்தனை கிராம் வருமோ அதுதான் டெனியர். எண் பெரிதானால் நூல் தடித்தது. துணி உள்ளிருக்கும் தோலில் முள் குத்தினால் அந்த ஓட்டையோடு நிற்கும், காற்று மெல்லக் கசியும். பலூனைப்போல ஒரே நொடியில் கிழிந்து வெடிக்காது, ஏனென்றால் குறுக்கும் நெடுக்கும் போன நூல்கள் கிழிசலை ஓடவிடாமல் தடுத்துவிடுகின்றன.

முள் என்றதும் நம் ஏரிக்கரைகளைச் சொல்ல வேண்டும். கயாக்கில் ஓட்டை விழுவது தண்ணீரில் என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டில் அது கரையில்தான் அதிகம் நடக்கக்கூடும், சீமைக் கருவேலத்தின் முள் உதிராத ஏரிக்கரை அரிது. படகை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், இருவர் தூக்கிப் போங்கள். காற்றடிக்கும் இடத்தில் தடித்த தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். பிச்சாவரம் போன்ற சதுப்புநிலக் காடுகளுக்குப் போனால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே சுரபுன்னை மரத்தின் தாங்குவேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகளின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையானது. நீர் வற்றும் நேரத்தில் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களும் அடிப்பக்கத்தைக் குத்தும். அந்த இடத்துக்குக் காற்றடைத்த படகைவிட அங்கேயே கிடைக்கும் படகுதான் ஏற்றது. எல்லா நீர்நிலைக்கும் ஒரே கலம் பொருந்தாது.

காற்றறைகள் 3 என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடது, வலது, தரை என்று தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்று போனாலும் மற்ற இரண்டும் உங்களைத் தாங்கும், படகு சாய்ந்து தண்ணீர் ஏறும், ஆனால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று மிதந்துகொண்டிருக்கும். ஒரே அறை உள்ளதைப் படகு என்று எண்ணவே வேண்டாம், அது நீச்சல்குளப் பொம்மை. காற்றடைத்த படகுகளுக்கான பன்னாட்டுத் தரவிதி ஐ.எஸ்.ஓ. 6185. பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீளத்தைப் பற்றி ஓர் அழகான உண்மை இருக்கிறது. படகு போகும்போது முன்னே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையும் நீளும். அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தன் அலையின் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்கிறது. மேலும் வேகமாகப் போக வேண்டுமானால் தான் எழுப்பிய மேட்டின்மேல் ஏற வேண்டும், அதற்கு நம் கைகளில் தெம்பு போதாது. அந்த எல்லை வேகம் மீட்டரில் நீளத்தின் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால் வரும் கிலோமீட்டர். 3 மீட்டர் படகுக்கு மணிக்கு 7.8, 4 மீட்டர் படகுக்கு 9. கப்பல்கள் எழுப்பும் அலைகளை ஆராய 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் தொட்டி கட்டி மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்தவர் வில்லியம் ஃபுரூட். நம் காற்றடைத்த கயாக் அந்த எல்லையைத் தொடுவதே அரிது. பருத்த மூக்கும் அகன்ற உடலும் அதைத் தடுக்கும், நடையைப்போல மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போனால் நல்லது. இருந்தாலும் நீளமான படகு குறைந்த உழைப்பில் போகும், நேராகவும் போகும். இருவருக்கு 3 மீட்டருக்குக் குறைந்ததை வாங்கினால் முன்னே இருப்பவரின் முதுகில் பின்னே இருப்பவரின் துடுப்பு இடித்துக்கொண்டே இருக்கும்.

அகலம் நேர்மாறு. சாயாமல் நிற்கும் குணம் அகலத்தின் மூன்றாம் படியைப் பொறுத்து ஏறுகிறது. 60 செ.மீ. படகை 90 ஆக்கினால் ஒன்றரையின் மூன்றாம் படி, மூன்று மடங்குக்கு மேல் நிதானம். முதன்முதலாக ஏறுபவர்களுக்கு இந்த அகலம்தான் தைரியம். அதற்குக் கொடுக்கும் விலை வேகம், பிறகு நீளமான துடுப்பும் வேண்டும். 90 செ.மீ. அகலப் படகுக்கு 220 செ.மீ. துடுப்பு போதாமல் விரல்முட்டி குழாயில் உராயும். 230, 240 செ.மீ. கேளுங்கள்.

ஏழரை சென்டிமீட்டர் மட்டுமே அமிழும் படகு நேராகப் போகாது என்பதை முதல் துடுப்பிலேயே தெரிந்துகொள்வீர்கள். இடப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும், வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம். அதற்காகத்தான் பின்பக்க அடியில் ஃபின் என்ற செங்குத்துத் தகட்டைப் பொருத்துகிறார்கள். பக்கவாட்டில் நகர அது விடாது, ஆகவே பின்பகுதி பிடிபட்டு நிற்க, படகு போன திசையிலேயே போகும். முன்பக்கம் பொருத்தினால் படகு சுற்றத்தான் செய்யும். கழற்றி மாட்டும் ஃபின்னாக இருக்கட்டும். ஆகாயத்தாமரை மண்டிய ஏரியில் அது செடிகளின் வேர்களில் சிக்கிக்கொள்ளும், அங்கே கழற்றிவிட வேண்டியிருக்கும்.

கடைசியாகக் காற்று. உள்ளே அடைத்த காற்றைப் பற்றிப் பேசினோம், இது வெளியே வீசும் காற்று. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு கயாக்கையும் அதிலிருப்பவரையும் ஏறக்குறைய 2 கிலோ எடையளவு விசையோடு தள்ளும். துடுப்புப் போட்டு எதிர்த்துவிடலாம். காற்று 40 ஆனால் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. ஏறக்குறைய எட்டுக் கிலோ! அதை நெடுநேரம் எதிர்த்துத் துடுப்புப் போடப் பெரியவர்களுக்கே முடியாது. கனமான மரத்தோணி நீரில் ஆழமாக அமர்ந்திருக்கும், அதைக் காற்று அவ்வளவு எளிதில் நகர்த்தாது. நம் படகோ பதினைந்து கிலோ எடையில் தண்ணீரின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று கொண்டுவந்து சேர்க்கும். கிழக்குக் கரையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றைப் பற்றி மீனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கரையோரத் தண்ணீரைத் தட்டையாக்கி அழகாகக் காட்டிவிட்டு, கலத்தைக் கடலுக்குள் தள்ளும். காற்றடைத்த கயாக்கோடு கடலுக்குப் போகவே வேண்டாம். ஏரி, மெதுவாக ஓடும் ஆறு, அலையில்லாத உப்பங்கழி இவை போதும். அணைகளிலும் காப்புக்காடுகளிலும் அனுமதி கேட்காமல் படகு இறக்கக் கூடாது. பெரியவர் ஒருவராவது உடன் இருக்க வேண்டும். நீச்சல் நன்றாகத் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் அணியாமல் ஏறக் கூடாது. உங்கள் எடைக்கு ஏற்ற ஜாக்கெட்டைப் படகுக்கு முன்னால் வாங்குங்கள், பணம் குறைந்தால் படகில் குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. கடையில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. முதல் பெட்டியில் நீளம் 274 செ.மீ., அகலம் 76 செ.மீ., பக்கக் குழாயின் விட்டம் 20 செ.மீ., சுமை 100 கிலோ என்று போட்டிருக்கிறது. இரண்டாவதில் நீளம் 380 செ.மீ., அகலம் 90 செ.மீ., குழாய் 25 செ.மீ., சுமை 190 கிலோ. அக்காவின் எடை 48 கிலோ, உங்களுடையது 36, உடன் வரும் மாமாவுக்கு 62, பையில் 4 கிலோ சாமான். முக்கால் பங்கு விதியை இரண்டு பெட்டிக்கும் போட்டுப் பாருங்கள். மூவரும் ஒன்றாகப் போக முடியுமா? இருவர் இருவராகப் போனால் யார் யார்? மாமாவின் இடுப்புக்கு உள்ளகலம் போதுமா? இரண்டாவது படகின் பக்கக் குழாய்களில் காலை ஆறு மணிக்கு, 28 டிகிரியில், 2 பவுண்டு அடைக்கிறீர்கள். பெட்டியில் உச்ச அழுத்தம் 3 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. கரையில் விட்டால் உள்காற்று எத்தனை டிகிரியைத் தொடும்போது அந்த மூன்றைத் தாண்டும்?